அங்குலத்தின் உருவம்

அங்குலம் தன்னை 'நீங்க' என்று கூப்பிட்ட காலையில்தான் சூப்பர்வைசருக்கு முதல் சந்தேகம் தட்டியது.

பன்னிரண்டு வருஷமாக அந்த மனிதர் வாயிலிருந்து அவளுக்கு 'வாம்மா', 'என்னம்மா சொல்றே', 'நீ சும்மா இரு' தவிர வேறெதுவும் வந்ததில்லை. பதவியில் அவரைத் தாண்டி அவள் மேலே போன பிறகும் அந்தப் பேச்சு மாறவில்லை. மாற வேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை. அன்றைக்கு அவர் அவள் மேஜைக்கு எதிரில் வந்து நின்று, "மேடம், நீங்க கேட்ட ரிப்போர்ட்டை அனுப்பிட்டேன்" என்றார். குரல் அவருடையதுதான். வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்பதும் அவரேதான். அந்த 'நீங்க' மட்டும் இரவல் சட்டை மாதிரி ஒட்டாமல் தொங்கியது.

அது வீடுகளையும் கடைகளையும் காப்பீடு செய்யும் நிறுவனம். தீப்பிடித்த வீடு, வெள்ளம் புகுந்த கடை என்று பார்த்து, எது எதனால் எப்படி நாசமானது என்று எழுதிக் கொடுப்பது அவர்கள் பிரிவின் வேலை. ஒரு காலத்தில் டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நேரில் போனார்கள். கரி படிந்த சட்டையோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். சுவரில் கரி ஏறிய உயரத்தை மற்றவர்கள் 'இடுப்பளவு', 'தோளளவு' என்று எழுதுவார்கள். இந்த மனிதர் மட்டும் அங்குலக் கணக்கில் எழுதுவார். 'அங்குலம்' அதனால் வந்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் நிறுவனம் கட்டடத்தை விற்றுவிட்டது. அவர்கள் உட்கார்ந்திருந்த நாலாவது மாடியை மட்டும் மேஜை, ஜன்னல், தூண் ஒன்று விடாமல் கண்ணாடிக்குள் கட்டிக்கொண்டது. 'கண்ணாடி' என்று அவர்கள் சொன்னது தலையில் மாட்டிக்கொள்ளும் கருவியை. வீட்டு அறையில் நின்றபடியே அதை மாட்டினால் மாடிக்குப் போய்விடலாம். ஒரு வீடு எரிந்தால் சக்கரம் வைத்த கேமரா ஒன்று உள்ளே போய் மூலைமுடுக்கெல்லாம் படம்பிடித்து வரும். அந்த வீடு அப்படியே கண்ணாடிக்குள் எழுந்து நிற்கும். மதிப்பீட்டாளர்கள் அதற்குள் நடந்து, குனிந்து, எட்டிப் பார்த்து எழுதுவார்கள்.

ஆளுக்கு ஓர் உருவம். கண்ணாடிக்கு மாறிய நாளில் முகத்தையும் நடையையும் குரலையும் அளந்து செய்தது. அதற்குப் பிறகு யாருக்கும் தலை நரைக்கவில்லை, தொந்தி போடவில்லை. தொண்டை கட்டியிருந்தாலும் கண்ணாடி அதைத் திருத்தி, அளந்து வைத்த குரலில்தான் வெளியே விடும். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். "உங்க ஆபீஸ்ல நாலு வருஷமா ஒருத்தருக்கும் ஜலதோஷம் பிடிக்கலையா? எங்க டிப்போவுல பாதிப் பேரை அங்க மாத்திவிடச் சொல்லணும்" என்று கிண்டல் செய்வார். அவளும் சிரிப்பாள்.

'நீங்க' வந்த பிறகு அவள் அங்குலத்தைக் கவனிக்க ஆரம்பித்தாள். மனிதர் ரொம்பவும் அடங்கிப்போயிருந்தார். யாரையும் வம்புக்கு இழுக்கவில்லை. டீ நேரத்தில் ஜன்னலோரம் கூடிப் பேசுகிற கூட்டத்தில் அவரைக் காணோம். ஆனால் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. முன்னைவிடச் சுத்தம்.

அந்தச் சமயத்தில் ஒரு சமையலறைத் தீ மறுபார்வைக்கு வந்தது. அடுப்பை அணைக்காமல் வெளியே போய்விட்டாள் என்று அந்த வீட்டு அம்மாள் தலையில் பழியைப் போட்டிருந்தது முதல் ரிப்போர்ட். அங்குலம் வேறு மாதிரி எழுதினார். அடுப்பின் திருகு மூடியிருக்கிறது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் ப்ளக்கிலிருந்துதான் கரி விசிறி மாதிரி மேலே விரிகிறது. தரையிலிருந்து பதினாலு அங்குலத்தில் ஆரம்பம். வயர் நுனியில் செம்பு உருகி மணியாகத் திரண்டிருக்கிறது, மின்கசிவின் அடையாளம். இதுவரை அங்குலம்தான். கடைசியில் ஒரு வரி இருந்தது: 'பாத்திரங்கள் கழுவி வடிதட்டில் கவிழ்க்கப்பட்டிருக்கின்றன. அடுப்பு வேலை முடிந்த பிறகே கடைசிப் பாத்திரம் கழுவப்படும்.'

அவள் அந்த வரியை இரண்டு தரம் படித்தாள். அங்குலம் தன் ஆயுளில் வடிதட்டு என்ற ஒன்றைத் திரும்பிப் பார்த்தவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லோரும் நிறுவனத்தின் மையத்துக்கு நேரில் வந்து உருவத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அங்குலம் முதல் தடவை கால்வலி என்றார். இரண்டாம் தடவை வீட்டில் வேலை என்றார். மூன்றாம் தடவை பதிலே இல்லை. தபாலில் கடிதம் அனுப்பி அவரைக் கலவரப்படுத்துவானேன் என்று, அவளே ஒரு முற்பகலில் பழைய பதிவேட்டில் முகவரி தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தரைத்தள வீடு. இரண்டு தரம் மணியடித்தும் யாரும் வரவில்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. கூப்பிட்டுக்கொண்டே தள்ளினாள்.

முன்னறையில் நாற்காலி, மேஜை எல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, வலது தோளைத் தாழ்த்தி, அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள். முட்டிபோட்டு, அங்கே இல்லாத ஒரு சுவரின் அடியைத் தடவிப் பார்த்தாள். அவள் இடது மணிக்கட்டில் ஒரு துணிக்கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனது. கட்டிலில் அங்குலம் படுத்திருந்தார். முகத்தின் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் கண்ணுக்கு நேராக ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடிக்குள் பார்ப்பதெல்லாம் அதில் ஓடியது.

அவர்தான் முதலில் சூப்பர்வைசரைக் கண்டார். இடது கையால் கயிற்றை ஒரு தரம் இழுத்தார். அம்மாள் அப்படியே நின்றாள்.

"என்னங்க?" என்றபடி கண்ணாடியைக் கழற்றித் திரும்பியவளுக்கு, வாசலில் நிற்பது யாரென்று புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அங்குலத்தின் மனைவி. விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால் குளியலறையில் விழுந்திருக்கிறார். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன, அறிவு போகவில்லை. முதல் வாரம் லீவு சொல்லிச் சமாளித்தார்கள். அதற்கு மேல் சொன்னால் வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று பயம். கண்ணாடி அவர் கண்ணைப் பார்த்தால்தான் திறக்கும். அதனால் தினமும் காலையில் முதலில் அவருக்கு மாட்டிவிட்டு, திறந்ததும் எடுத்து அவள் மாட்டிக்கொண்டாள். ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு என்றால் போ. எழுதியதை எழுத்தெழுத்தாக அவரிடம் காட்டி, அவர் கண்ணை மூடித் திறந்தால்தான் அனுப்புவாள்.

"நானாத் தனியா ஒண்ணும் பண்ணல மேடம்" என்றாள். "காலு என்னோடது. கண்ணு அவரோடது. வேணும்னே யாரையும் ஏமாத்தணும்னு..." கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டாள். "உங்களை நீ, வான்னு கூப்பிட எனக்கு நாக்கு வரல. அதுலதான் மாட்டிக்கிட்டேனா?" என்று கேட்டாள்.

"அதுலயும். அப்புறம் வடிதட்டுலயும்."

கட்டிலில் அங்குலத்தின் பாதி முகம் சிரித்தது. மறுபாதி சும்மா இருந்தது. சூப்பர்வைசர் குனிந்து தன் பையில் எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. மறைத்தால் ஒரு மாதம் ஓடும், பிறகு மூன்று பேரும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள் என்றார். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. நாலு நாள் யோசித்து, ஒரு கோரிக்கையாக எழுதி எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனாள். அங்குலத்துக்கு மருத்துவ ஓய்வு கொடுக்க வேண்டும், மனைவியை அவள் முகத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், ஏழு மாத ரிப்போர்ட்டுகளையும் தானே உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன் என்று கேட்டிருந்தாள்.

மேலாளர் நிதானமாகக் கேட்டார். கோபப்படவில்லை. வாரக் கடைசியில் முடிவு வந்தது. அங்குலத்துக்கு ஓய்வு உண்டு. மனைவிக்கு வேலை இல்லை. வழக்கு எதுவும் போடப்போவதில்லை, பழைய ரிப்போர்ட்டுகளைக் கிளறப் போவதும் இல்லை. ஒரு ஆள் அங்குலத்தின் வீட்டுக்கு வந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார். இந்த மட்டும் விட்டார்களே என்று சூப்பர்வைசருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை அவள் மாடிக்குப் போனபோது ஜன்னலோர மேஜையில் அங்குலம் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா" என்றார். "என்ன, இன்னிக்கு நீ லேட்டு."

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. மனிதர் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார் என்றே நினைத்தாள். அடுத்த கணம் கட்டிலும் கயிறும் நினைவுக்கு வந்தன. நேரே மேலாளரிடம் போனாள்.

மேலாளர் இதையும் நிதானமாகவே சொன்னார். உருவம், நடை, குரல் மூன்றும் நிறுவனத்தின் சொத்து என்று கண்ணாடிக்கு மாறிய நாளிலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவருடைய பழைய ரிப்போர்ட்டுகள், மாடியில் பேசிய பேச்சு எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்து அந்த உருவத்தைப் பழக்கியிருக்கிறார்கள். நன்றாகவே வருகிறது.

"உள்ள யாரு இருக்கா சார்?"

"யாரும் இல்ல."

"கூட வேலை பாக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அவங்களுக்கு அங்குலம் வேணும். அங்குலம் இருக்காரு."

எட்டு நாள் அவள் அதன் அருகில் உட்கார்ந்து வேலை பார்த்தாள். டீ நேரத்தில் அது ஜன்னலோரக் கூட்டத்தில் போய் நின்று பழைய வம்புகளை இழுத்தது. எல்லோரும் சிரித்தார்கள். உடம்பு தேறிவிட்டதே என்று ஒருவர் அவளிடம் சந்தோஷப்பட்டார்.

ஒன்பதாம் நாள் அதன் ரிப்போர்ட் ஒன்று அவள் கையெழுத்துக்கு வந்தது. தனியாக இருந்த ஒரு மனிதரின் படுக்கையறைத் தீ. கரி ஏறிய உயரம் அங்குல சுத்தமாக இருந்தது. காரணம்: படுக்கையில் புகைபிடித்தது. அடியில், 'அறை முழுவதும் நடந்து பார்த்தேன்' என்ற அங்குலத்தின் வழக்கமான வரி. அதற்குக் கீழே அவர் கையெழுத்து.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே அந்த அறைக்குள் போனாள். சாம்பல் கிண்ணம் இல்லை. தீப்பெட்டி இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம், மேஜை விளக்கின் வயர் சுவரோடு நசுங்கிய இடத்தில் செம்பு மணி மணியாக இருந்தது. கட்டிலைச் சுற்றிப் போய்க் குனிந்தால்தான் தெரியும். குனிய அங்கே யாரும் இருக்கவில்லை.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதி அனுப்பினாள். நடந்து பார்த்தேன் என்று சொல்லியிருப்பவர் நடக்கவில்லை, நான் எப்படிச் சாட்சி சொல்வது என்று காரணமும் எழுதினாள். இரண்டு நாள் கழித்து அவளுடைய கண்ணாடி அவள் கண்ணைப் பார்த்தும் திறக்கவில்லை.

அன்று சாயங்காலமே அவள் அந்தத் தரைத்தள வீட்டுக்குப் போனாள். அவர்களிடம் சொல்லாமல் அடுத்த அடி எடுத்து வைக்கக் கூடாது என்று தோன்றியது. அந்த அம்மாள் வாசலிலேயே நின்று கேட்டாள். அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றாள் முதலில். பிறகு, இல்லை, அவருடையதுதானே, அவரே கேட்கட்டும் என்று உள்ளே அழைத்துப் போனாள்.

சூப்பர்வைசர் கட்டிலோரம் உட்கார்ந்து ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அது எப்படி நடக்கிறது, யாரைப் பார்த்து என்ன சொல்கிறது, அந்தப் படுக்கையறையில் எதைப் பார்க்காமல் விட்டது. அங்குலம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை போர்வைமேல் எதையோ தேடியது. மனைவிக்குப் புரிந்தது. துணிக்கயிற்றை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். அவர் ஒரு தரம் இழுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு தரம். மறுபடி ஒரு தரம்.

அந்த உருவத்தை நிறுத்தச் சொல்லி அவர்கள் போட்ட வழக்கு பதினோரு மாதம் நடந்தது. நிறுவனத்தின் வக்கீல் கெட்டிக்காரர். அந்த அம்மாளைக் கூண்டில் ஏற்றி, ஏழு மாதம் கணவரின் உருவத்துக்குள் இருந்து ஏமாற்றியது நீங்கள்தானே, நீங்கள் செய்தால் சரி, நிறுவனம் செய்தால் தப்பா என்று கேட்டார். சூப்பர்வைசரும் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

"தப்புதான் சார்" என்றாள் அந்த அம்மாள். "எனக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா நான் உள்ள இருந்தப்ப அவர் பக்கத்துல இருந்தார். அவர் கயித்தை இழுத்தா நான் நின்னேன். இப்ப அவர் இழுத்தா யார் நிக்கிறா?"

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. அங்குலத்தின் உருவத்தை நிறுவனம் நீக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஆள் இல்லாத உருவம் 'நடந்து பார்த்தேன்' என்று கையெழுத்திடக் கூடாது, உள்ளே ஆள் இல்லையென்றால் கூட இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது எழுதிய ரிப்போர்ட்டுகளை மனிதர்கள் திரும்பப் பார்க்க வேண்டும். அந்தப் படுக்கையறைக்காரருக்கு நியாயம் கிடைத்தது. அந்த அம்மாளைக் கண்டித்ததோடு விட்டார்கள். சூப்பர்வைசருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அதற்குள் அவள் தீயணைப்புத் துறையில் ஒப்பந்த வேலை ஒன்றில் சேர்ந்திருந்தாள். மாடியில் இருந்தவர்களிடம், என் உருவத்தை நானாக மனமுவந்து தருகிறேன் என்ற புதுக் காகிதம் ஒன்று நீட்டப்பட்டதாகவும், பாதிப் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் கேள்விப்பட்டாள். அவர்களைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

உருவத்தை நீக்கும்போது குடும்பத்தில் ஒருவரும் ஒரு சாட்சியும் பார்த்திருக்க வேண்டும் என்பது உத்தரவு. நிறுவனம் இரண்டு கண்ணாடிகளை அனுப்பியது. இரண்டு பெண்களும் அந்த முன்னறையில் நின்று மாட்டிக்கொண்டார்கள். மாடி காலியாக இருந்தது. நடுவில் அங்குலம் நின்றார், அளந்து வைத்த ஐம்பத்தோரு வயதில், இரண்டு காலில். வக்கீல்கள் சொல்லி வாயை அடைத்திருந்தார்கள் போல, அது பேசவில்லை. தொழில்நுட்ப ஆள் ஒருவரின் குரல் மட்டும் எங்கிருந்தோ, "நீக்கலாங்களா அம்மா?" என்று கேட்டது.

அந்த அம்மாள் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் அதற்குள் இருந்தவள் அதை வெளியிலிருந்து பார்ப்பது அன்றைக்குத்தான் என்பது சூப்பர்வைசருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கொஞ்சம் நடக்கச் சொல்ல முடியுமா?" என்றாள் அம்மாள். "ஜன்னல் வரைக்கும் போயிட்டு வரட்டும். ஒரே தரம்."

குரல் தயங்கியது. பிறகு உருவம் திரும்பி நடந்தது. அவசரமில்லாத அதே நடை. வலது கை லேசாக வீசியது. ஜன்னல்வரை போய், நின்று, திரும்பி வந்து அவளுக்கு எதிரில் நின்றது. அவள் அதைத் தொடக் கையை நீட்டவில்லை.

"ஆச்சு" என்றாள். "எடுத்துடுங்க."

அவர் நின்ற இடத்தில் தரை தெரிந்தது.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, மணியைப் பார்த்தாள். முதுகில் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இன்றைக்குக் கால் மணி தாமதமாகிவிட்டது என்றாள். ஒரு கை கொடுங்கள் என்று கேட்டாள். சூப்பர்வைசர் கட்டிலின் அந்தப் பக்கம் போய், இடுப்புக்கடியில் எப்படிக் கை கொடுப்பது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தார். இருவரும் மூச்சைப் பிடித்து, ஒரே சமயத்தில், அவரை ஜன்னல் பக்கமாகத் திருப்பினார்கள்.